முதுகுக்குப் பின்னால் பேசாத வீடு

அன்றைக்குத் தகரப் பட்டறையில் இருந்தவர்கள் இன்னார் இன்னார் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இல்லாதவர்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்வார்கள். பட்டறைக்குச் சொந்தக்காரரான பெரியவர் இருந்தார். அவருடைய தம்பி இருந்தார். பெட்டிகளுக்குச் சாயம் பூசுகிற தம்பி மனைவி, முழங்கை வரை பச்சையோடு இருந்தாள். அவர்கள் பெற்ற ஒரே பெண் புனல் இருந்தாள். ஈயம் வைத்து ஒட்டுகிற பத்தவைப்புக்காரர் இருந்தார். தகரத்துக்குத் தகரம் மட்டுமல்ல, ஆளுக்கு ஆளும் பற்றவைப்பதில் அவர் கெட்டிக்காரர். பள்ளிக்கூடத்திலிருந்து வகுப்பு டீச்சரும், காது பரிசோதிக்கிற அம்மாவும் வந்து, துடைத்துப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவைத் தெருவே காது டீச்சர் என்றுதான் சொல்லும். வாளிக்கு அடி மாற்ற வந்த பால்காரர் வாசற்படியோடு நின்றார். அவர் பார்த்தது பாதி. ஊருக்கு முழுதாகச் சொன்னவரும் அவர்தான்.

பெரியவர் சலவைச் சட்டை போட்டிருந்தார். பட்டறைக்குள் சலவைச் சட்டை போட்டு அவரை யாரும் பார்த்ததில்லை. முதுகு எப்போதும் போல ஆணி அடித்த பலகையாக நிமிர்ந்திருந்தது. கல்யாணம் கட்டாதவர். தம்பி குடும்பமே அவர் குடும்பம், தம்பி மகளே அவர் மகள். பிறந்த அன்றைக்கு அவள் வாயை அகலத் திறந்து அழுததைப் பார்த்து, “இது என்ன, நம்ம பட்டறைத் தகரப் புனல் மாதிரியே இருக்கு” என்று அவர் சொன்னதுதான் பெயராக நிலைத்துவிட்டது. பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே யாரையோ என்று இருப்பாள்.

அந்தப் பட்டறைக்கென்று ஒரு சட்டம் உண்டு. பெரியவரின் அப்பா போட்டது. தகரம் அடிக்கிற இடத்தில் யார் காதிலும் எதுவும் விழாது. கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் வாளியின் வயிற்றைத் தட்டுகிறவர் ஒரு பக்கம், மழைத் தண்ணீர் இறங்கும் தூம்பை மடிக்கிறவர் ஒரு பக்கம், கத்திரி கிறீச்சென்று இழுக்கிற சத்தம் ஒரு பக்கம். அந்தக் காலத்தில் யாரோ பின்னால் வந்து தோளைத் தொட்டுக் கூப்பிட, அடித்துக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பி, தன் கட்டைவிரலையே நசுக்கிக்கொண்டார். அன்றிலிருந்து, பேச வேண்டுமென்றால் முதலில் வேலைப் பலகையில் இரண்டு தட்டு; அதிர்வு எதிராளி கைக்குத் தெரியும். பிறகு முன்னால் வந்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று, கையில் உள்ளதைக் கீழே வைத்துவிட்டுப் பேச வேண்டும். சாப்பாட்டு நேரத்திலும் அதே பழக்கம். பாட்டு முணுமுணுக்கிறவன்கூட முன்னால் வந்துதான் முணுமுணுப்பான். “முதுகுக்குப் பின்னால பேசுற வழக்கம் எங்க வீட்டுல கிடையாது” என்று பெரியவர் சொன்னால், அதில் வேறு அர்த்தமும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் உள்ளதைத்தான் சொன்னார்.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. குடும்பத்தைப் பற்றித் தப்பான பேச்சு ஒன்று உலவினால், அதைத் திருத்தாமல் அவருக்குச் சோறு இறங்காது. இறக்கிப் பேசினால் எல்லோரும்தான் திருத்துவார்கள். இவர் ஏற்றிப் பேசினாலும் திருத்துவார். ஒரு தடவை மாடியிலிருந்து விழுந்தும் நசுங்காத வாளி ஒன்று கடைத்தெருவில் பெரிய பேச்சானது. அது இவர்கள் பட்டறை வாளி என்று ஊரே மெச்சியது. பெரியவர் போய் வாளியைத் திருப்பிப் பார்த்தார். “மடிப்பு எங்களுது இல்லை. இது வேற ஆள் கை” என்று சொல்லிவிட்டு வந்தார். வியாபாரம் செய்யத் தெரியாத மனுஷன் என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டார். பொய்ப் புகழ் ஓட்டை வாளி மாதிரி, தூக்கிக்கொண்டு போகப்போகக் காலியாகும் என்பது பெரியவர் கட்சி.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்தது.

வீட்டில் புனல் வாய் மூடாதவள். பத்தவைப்புக்காரரோடு வாயாடி அவரையே மடக்குவாள். அதே பிள்ளை பள்ளிக்கூடத்தில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்றார் வகுப்பு டீச்சர். கூப்பிட்டால் திரும்புவதில்லை. கேட்டதற்கெல்லாம் “ஆமா டீச்சர்” என்கிறாள். சொல்வதெழுதுதலில் முதல் வரி முத்து முத்தாக இருக்கும், அடுத்த நாலு வரி காணாமல் போயிருக்கும், மறுபடி ஒரு வரி ஒழுங்காக வரும். வேண்டுமென்றே செய்கிறாள், திமிர் என்றுதான் முதலில் நினைத்தாராம். இந்த நிலையில் மேல் வகுப்புக்கு அனுப்ப முடியாது, இன்னொரு வருஷம் இங்கேயே இருக்கட்டும் என்று பேச்சு வந்தது. புனலுக்கு வகுப்பில் இருந்தது ஒரே ஒரு தோழி. அவள் மேலே போய்விடுவாள்.  புனல் பள்ளி விட்டு வந்ததும் சாப்பிடாமல்கூடச் சுருண்டு படுத்துத் தூங்கினாள். நாள் முழுக்க மூட்டை சுமந்தவள் மாதிரி அப்படி ஒரு தூக்கம்.

காது டீச்சர் நுழைந்தது இந்தக் கட்டத்தில். வருஷ ஆரம்பத்தில் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்து ஒரு பரிசோதனை நடந்திருந்தது. அதில் புனலுக்குக் காது நன்றாக இருப்பதாகவே வந்தது. ஆனால் அவளுடைய சொல்வதெழுதுதல் தாள்களைப் பார்த்த காது டீச்சர், மூடிய அறையில் முதுகைத் திருப்பி உட்காரவைத்து மறுபடி பரிசோதித்தார். இந்தத் தடவை வேறு மாதிரி வந்தது. வரைபடத்தில் கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்து, சட்டென்று சறுக்குமரம் மாதிரி கீழே இறங்கியது. தடித்த சத்தங்கள் கேட்கின்றன, மெல்லிய கூர்மையான சத்தங்கள் கேட்கவில்லை என்றார். இந்த முடிவை எல்லா ஆசிரியர்களுக்கும் காட்டி, அதற்குத் தக்கபடி பாடம் நடத்தி, காதுக்குக் கருவியும் வைத்தால் பிள்ளை தன் வகுப்போடு மேலே போய்விடுவாள். அதற்கு வீட்டார் சம்மதம் வேண்டும் என்று கேட்டார்.

தம்பி எதற்கும் தலையாட்டுகிறவர். ஆனால் அந்த வீட்டில் அண்ணன் தலை ஆடாமல் தம்பி தலை ஆடாது.

பெரியவர் தலை ஆடவில்லை. ஒரு முடிவு கேட்கும் என்கிறது, ஒரு முடிவு கேட்காது என்கிறது. முதலில் சொன்னதுதான் சரி என்றார். பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டினால் செவிட்டு வீடு என்று பெயர் வரும், அந்தப் பெயர் அவள் கல்யாணம் வரைக்கும் முன்னால் நடந்து போகும் என்றார். தம்பி மனைவி சாயத் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, பலகையில் இரண்டு தட்டுத் தட்டி, அவர் முன்னால் வந்து நின்றாள். அவரிடம் அவள் அதிகம் பேசுவதில்லை.

“மாமா, பேரு முன்னால போறது இருக்கட்டும். புள்ளை பின்னால நிக்கிறாளே.”

 அன்று மாலையே பெரியவர் பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பினார். இரண்டு டீச்சரும் பட்டறைக்கு வரட்டும், எங்கள் பிள்ளைக்குக் கேட்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார்.

அப்படித்தான் அவர்கள் அன்றைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். வெயில் கூரைத் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. பெரியவர் கையை உயர்த்தினார். வேலை ஆரம்பித்தது. தம்பி தூம்பைப் போட்டு அடித்தார். பத்தவைப்புக்காரருக்கு அடிக்கிற வேலையே கிடையாது. ஆனாலும் குடும்ப மானம் அல்லவா என்று ஒரு பீப்பாய் மூடியை எடுத்துப் போட்டு இடி இடியென்று இடித்தார். வகுப்பு டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பெரியவர் அந்தக் கோடியில் போய் நின்றார். இந்தக் கோடியில் புனல் பலகைமேல் கிடந்த தகரத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பலகையில் தட்டினார். அவள் நிமிர்ந்தாள். குரலை உயர்த்தாமல், வீட்டில் பேசுகிற மாதிரியே, சின்னக் கத்திரி எங்கே என்று கேட்டார்.

“உங்க பின்பாக்கெட்டுலதான் இருக்கு பெரியப்பா.”

இருந்தது. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். முட்டை என்றாள், அப்பா பங்கையும் தானே தின்றுவிட்டதாகச் சொன்னாள். அடித்துக்கொண்டிருந்த அப்பா ஒரு கணம் அடிப்பதை நிறுத்திவிட்டு மறுபடி அடித்தார். இன்னும் நாலைந்து கேள்வி. எல்லாவற்றுக்கும் சுடச்சுடப் பதில். பெரியவர் கையைத் தாழ்த்தினார். சத்தம் நின்றது.

“நான் என்ன கேட்டேன்னு உங்க காதுல விழுந்துதா டீச்சர்?”

வகுப்பு டீச்சர் காதைத் தேய்த்துக்கொண்டே, “ஒரு எழுத்துகூட விழலை ஐயா” என்றார்.

“உங்களுக்கும்மா?”

“எனக்கும் விழலை” என்றார் காது டீச்சர்.

“எங்க புள்ளைக்கு விழுந்துது. இப்ப யாருக்குக் காது மந்தம், நீங்களே சொல்லுங்க.”

பத்தவைப்புக்காரர் தொடையில் தட்டினார். வாசலில் நின்ற பால்காரருக்கு இது போதும். வாளியை மறந்து, சேதியை மட்டும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

காது டீச்சருக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. “எங்க ரெண்டு பேருக்கும் நல்ல காது ஐயா. நல்ல காதுக்கே கேக்காத எடத்துல அவளுக்கு மட்டும் எப்படிக் கேட்டுது? அதுதான் எனக்குப் புரியலை” என்றார்.

  கேட்ட கேள்வி பெரியவருக்குப் புரிந்தது; அதுதான் வம்பு.

இப்போது எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு அமைதியாக இருக்கட்டும், அவள் பின்னால் நின்று மெதுவாக ஏதாவது சொல்லுங்கள் என்றார் காது டீச்சர். முதுகுக்குப் பின்னால் பேசும் வழக்கம் இல்லை என்று பெரியவர் முறைத்தார். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்றார் காது டீச்சர். பெரியவர் போய் நின்றார். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையிடம் அவர் பேசிய பேச்சுக்குக் கணக்கில்லை. அவள் பின்னந்தலையைப் பார்த்துப் பேசுவது அதுதான் முதல் தடவை. சடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. சின்னக் கத்திரியை எடு என்று மெதுவாகச் சொன்னார். புனல் தகரச் சுருளை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். திரும்பச் சொன்னார். அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். தம்பி மனைவி பச்சைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“விளையாடுறா” என்றார் பெரியவர். குரலில் வழக்கமான உரம் இல்லை. “அந்தப் பரிசோதனைப் பெட்டிதான் கோளாறு. முதல்ல என்னைப் பாருங்க. எனக்குச் சரியா வருதான்னு பாப்போம்.”

காது டீச்சர் கூடவே கொண்டுவந்திருந்த பெட்டியைத் திறந்தார். முறையான பரிசோதனை மூடிய அறையில்தான், இது சும்மா ஒரு பார்வைக்கு என்று சொல்லி, அதன் காதுமாட்டியைப் பெரியவர் காதில் மாட்டிவிட்டார். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பெரியவர் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி உட்கார்ந்து அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். ஒன்றுகூடத் தவறவிடவில்லை என்ற திருப்தி முகத்தில் தெரிந்தது.

காது டீச்சர் கழற்றச் சொன்னார்.

“ஐயா, நான் இன்னும் பெட்டியைப் போடவே இல்லை. கையைத்தான் மேலயும் கீழயும் அசைச்சேன்.”

பத்தவைப்புக்காரர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பெரியவர் முகம் ஈயம் உருகுகிற நிறத்துக்குப் போனது. அப்போது புனல் பலகையில் இரண்டு தட்டுத் தட்டி, அவர் முன்னால் வந்து நின்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“பெரியப்பா, தோளைப் பாத்துத்தானே அழுத்துனீங்க? நானும் மொதத் தடவை அப்படித்தான் அழுத்துனேன். எல்லாம் சரின்னு போட்டாங்க.”

“ஏன் அப்படிப் பண்ணே?”

அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. “கேக்குறதுன்னா அதுதானே பெரியப்பா?” என்றாள்.

 கூரைத் தகரம் வெயிலில் விரிந்து மெல்ல டிக்கென்றது. அது தம்பிக்குக் கேட்டது, டீச்சர்களுக்குக் கேட்டது. பிறகு காது டீச்சர் வரைபடத்தை விரித்து, புனலின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் காட்டினார். பேச்சில் கனமான பாகம் இவளுக்கு வந்து சேர்கிறது, மெல்லிய ஓரங்கள் வந்து சேரவில்லை, மீதியை வாயைப் பார்த்தும் முகத்தைப் பார்த்தும் இவளே நிரப்பிக்கொள்கிறாள், அதனால்தான் பள்ளி விட்டதும் அந்தத் தூக்கம் என்றார். வகுப்பு டீச்சர் நாற்காலியில் அசைந்தார். முதல் வரியைக் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்வதும், பிறகு நடந்துகொண்டே பிள்ளைகளுக்குப் பின்னால் போய் மீதியைச் சொல்வதும், கடைசி வரிக்கு மறுபடி முன்னால் வருவதும் தன் பழக்கம் என்று தாமாகவே சொன்னார். திமிர் என்று நினைத்ததற்குப் புனலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு பெரியவரைப் பார்த்துக் கேட்டார்: “ஐயா, அந்த ரெண்டு தட்டு, முன்னால வந்து நிக்கிறது, வெளிச்சம் மொகத்துல விழுறது, இதையெல்லாம் நான் வகுப்புல வெச்சுக்கலாமா? இவ ரிப்போர்ட்டைப் பாத்தா இவளுக்கு என்ன வேணும்னு தெரியுது. எப்படிச் செய்யறதுன்னு இங்கதான் தெரிஞ்சுது.”

யோசித்துச் சொல்கிறேன் என்றார் பெரியவர். தேநீர் கொடுத்து, தெருமுனை வரை கொண்டுபோய் விட்டார். சம்மதம் மட்டும் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை அவர் தேநீர்க்கடைக்குப் போனபோது பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். பால்காரர் வேலை நன்றாகவே நடந்திருந்தது. ரெண்டு டீச்சரம்மாவுக்கும் காது கேட்கவில்லையாம், தகரப் பட்டறைப் பிள்ளைதான் கேட்டுச் சொன்னதாம், படித்தவர்கள் மூக்கை அறுத்து அனுப்பிவிட்டார்களாம் என்று கடை முழுக்கச் சிரிப்பு. பெரியவர் கோப்பையை வாங்கிக்கொண்டார். சும்மா இருந்தால் போதும். பேச்சு அப்படியே தெருவெல்லாம் பரவும், குடும்பப் பெயர் கோபுரம் ஏறும், பிள்ளைக்கும் ஒரு சொல் வராது. இதற்குத்தானே ஆசைப்பட்டார்?

ஆவி பறக்கிற கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

கோப்பையைப் பெஞ்சில் வைத்தார். மரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். கடை திரும்பிப் பார்த்தது.

“டீச்சருங்க ரெண்டு பேருக்கும் காது நல்லாக் கேக்கும். எங்க புனலுக்குத்தான் மெல்லிசான சத்தம் கேக்காது. பரிசோதனை பண்ணிப் பாத்தாச்சு. அவ எல்லாத்தையும் கண்ணால கேக்குறா. தப்பாப் பேசிட்டுத் திரியாதீங்க.”

கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். தன் மாமனாருக்கும் அப்படித்தான், எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். இன்னொருவர் தன் மகனும் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றார். அவனுக்குக் காது கோளாறு இல்லை, கொழுப்பு என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். செவிட்டு வீடு என்று யாரும் சொல்லவில்லை. சொன்னவர்கள் இருந்திருந்தால் முன்னால் வந்து சொல்லியிருக்க வேண்டும், வரவில்லை.

பெரியவர் தேநீரைக் குடித்துவிட்டு நேரே பள்ளிக்கூடம் போனார். கடைத்தெருவுக்குத் தெரிந்தது வாத்தியார்களுக்குத் தெரியாமல் இருப்பது அழகில்லை, எல்லாருக்கும் காட்டுங்கள் என்றார். வகுப்பு டீச்சருக்கு ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். சட்டத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது எந்தப் பட்டறைச் சட்டம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

புனலின் இடம் ஜன்னல் பக்கத்துக்கு மாறியது, டீச்சர் முகத்தில் வெளிச்சம் விழுகிற பக்கம். ஒவ்வொரு ஆசிரியரும் பேசுமுன் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார்கள். கணக்கு வாத்தியார் மட்டும் பழக்கதோஷத்தில் கரும்பலகையோடு பேசுவார். உடனே வகுப்பு மொத்தமும் மேசையைத் தட்டும். அதில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சொல்வதெழுதுதலை டீச்சர் நின்ற இடத்தில் நின்றே சொன்னார். ஆண்டு முடிவில் புனலும் தோழியும் கைகோத்துக்கொண்டு மேல் வகுப்புக்குப் போனார்கள்.

அதற்கு முன்பே கருவி வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த முதல் நாள், கத்திரி இழுக்கிற சத்தத்துக்கு முகத்தைச் சுளித்தாள். இத்தனை நாள் இப்படியா கத்தியது என்று கேட்டாள். மழை வந்தபோது கூரைக்கடியில் போய் நின்று, இது உருள்கிற சத்தம் என்று நினைத்திருந்தேன், தூவுகிற சத்தமாக அல்லவா இருக்கிறது என்று அம்மாவை இழுத்து இழுத்துக் காட்டினாள். அப்போதுதான் பெரியவர் வெளியிலிருந்து வந்தார். புனல் அவர் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

“பெரியப்பா, உங்க செருப்பு ஏன் இப்படிக் கீச்சு கீச்சுன்னு கத்துது?”

தம்பி சட்டென்று தூம்பைக் கையில் எடுத்தார். பத்தவைப்புக்காரர் அடுப்பை ஊதினார். அந்தச் செருப்பு வருஷக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தது. அது கேட்டதும் பட்டறையில் கதை பேசுகிறவர்கள் வேலையில் உட்கார்ந்துவிடுவார்கள். தெருமுனையில் பீடி பிடிக்கிறவர்கள் கையை மறைத்துக்கொள்வார்கள். ஊருக்கே அது காவல் மணி. அதனால் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பெரியவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தார். காதருகே கொண்டுபோய் அமுக்கினார். மறு காதருகே கொண்டுபோனார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

“கத்துதா?”

“கத்துதுண்ணே.”

“எத்தனை நாளா?”

“போன செருப்பும் கத்துச்சு.”

பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு காது டீச்சரைப் பார்க்கப் புறப்பட்டார். இந்தத் தடவை தாமே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாராம்.

அவர் காதிலும் கருவி ஏறிய பிறகு ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியது. கிளப்பியவர் பத்தவைப்புக்காரர்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பெரியவருக்குக் காது கணீரென்று கேட்கிறது, பிள்ளை தனியாக மாட்டிக்கொண்டு கூச்சப்படக் கூடாதே என்று துணைக்குத் தாமும் மாட்டிக்கொண்டிருக்கிறார், என்ன மனசு அந்த மனுஷனுக்கு என்று பேச்சு. பெரியப்பா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வாளி வாங்க வந்த ஒரு அம்மா பட்டறை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியவர் சுத்தியலைக் கீழே வைத்தார். பலகையில் இரண்டு தட்டுத் தட்டினார். முன்னால் வந்து, வெளிச்சத்தில் நின்றார்.

“துணைக்கெல்லாம் போடலைம்மா. எனக்குக் காது கேக்கலை. அதான் போட்டிருக்கேன்.”